கடிதம் வந்த தேதி

கடந்த ஆவணி மாதம் தேவகோட்டையில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்படவிருந்த அண்ணன் மகளின் பெட்டிகள் திறந்து கிடந்தன. ஆத்தா கும்மாய மாவையும் மோர்மிளகாயையும் வற்றல் வகைகளையும் எடை பார்த்துப் பார்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். காகிதங்கள் எங்கே என்று நான் கேட்டதும், அவள் தோள்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ், சேர்க்கைக் கடிதம், வங்கிக் காகிதம், தடுப்பூசிச் சீட்டு, கடைசியாகச் சென்னைக்குப் போய்வந்த பேருந்துச் சீட்டு ஆகிய அனைத்தும் அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி போன்ல வச்சிருக்கேன் அத்தை," என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஜெர்மன் விசாவுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழைப் பெற வேண்டியிருப்பதால், புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு தாளையும் பிரதியெடுத்துப் பதிவேற்றும் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் 2013-இல் நானும் ஏறக்குறைய இதே போன்ற ஓர் உறையோடுதான் ஆகன் நகரில் போய் இறங்கினேன். அந்த நாட்டில் நம்மைத் தேடி வரும் காகிதங்கள், நாம் கொண்டுபோகும் காகிதங்களைவிட அதிகம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அரசு அலுவலகமும் மருத்துவக் காப்பீடும் வங்கியும் வீட்டுக்காரரும் இன்றைக்கும் முக்கியமானவற்றைக் கடிதமாகவே அனுப்புகிறார்கள். பெரும்பாலான கடிதங்களில் ஒரு கெடுவும் இருக்கும். அண்ணன் மகளுக்கு அன்று மாலை வரை உட்கார்ந்து சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவகோட்டையில் எங்கள் குடும்பத்தின் விலாச எழுத்துகளை, அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை, மட்டும் போட்டு, தெருப் பெயர்கூட இல்லாமல் எழுதினாலும் கடிதம் எங்கள் வீட்டு முகப்புக்கு வந்து சேரும், ஏனென்றால் தபால்காரருக்கு மூன்று தலைமுறையைத் தெரியும். ஜெர்மனியில் தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான். உறையில் உள்ள குடும்பப் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லையென்றால், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று குறித்துக் கடிதம் திரும்பிப் போய்விடும். நான் பகிர்ந்து தங்கிய வீட்டின் பெட்டியில், எல்லாரும் என்னை அழைக்கும் என் சொந்தப் பெயரை அழகாக எழுதி ஒட்டியிருந்தேன். ஆனால் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பச்சியின், அதாவது அப்பாவின், பெயர் இருந்தது. எனவே பல்கலைக்கழகத்திலும் வங்கியிலும் காப்பீட்டிலும் நான் அப்பச்சியின் பெயராலேயே பதிவாகியிருந்தேன். மருத்துவக் காப்பீட்டு அட்டையும் வங்கி அட்டைக்கான ரகசிய எண் வந்த கடிதமும் அடுத்தடுத்துத் திரும்பிப் போயின. ஐந்து வாரம் கழித்து, காய்ச்சலோடு மருத்துவரிடம் போன அன்று, அட்டை இல்லாமல் நின்றபோதுதான் காரணம் விளங்கியது.

அன்று மாலையே அப்பச்சியின் பெயரை முதலிலும் என் பெயரை அடுத்தும் எழுதி ஒட்டினேன். முன்னெழுத்தோடு வாழ்ந்து பழகிய நம்மவர்கள் அனைவரும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எது பதிவாகியிருக்கிறதோ அதையே, ஓர் எழுத்தும் மாறாமல், போய் இறங்கிய முதல் நாளில் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும். யாருடைய வீட்டிலாவது தற்காலிகமாகத் தங்குகிறவர்கள் முகவரியில் தங்கள் பெயருக்குக் கீழே 'பை' (bei) என்ற ஜெர்மன் சொல்லையும் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். அப்போது தபால்காரர் வீட்டுக்காரரின் பெட்டியில் போடுவார்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஓர் உறுதிச்சீட்டு தேவை. பதிந்த சில வாரங்களில் வரி அடையாள எண் தபாலில் வரும். பதினோரு இலக்கங்கள் கொண்ட அந்த எண் ஆயுள் முழுவதற்கும் ஒன்றுதான். அது வேலை கொடுப்பவர் கைக்குப் போகாவிட்டால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடிக்க நேரும். சாதாரணத் தாளில் அச்சிட்டு வரும் அந்தக் கடிதத்தை விளம்பரம் என்று எண்ணி எறிந்தவர்களை நான் அறிவேன். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதத்துக்கும் அதே கதிதான். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இல்லையென்றாலும், ஒரு குடியிருப்புக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். நான்கு பேர் சேர்ந்து தங்கினால் ஒருவர் கட்டினால் போதும், ஆனால் மற்ற மூவரும் கட்டுகிறவரின் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்பியாக வேண்டும். பதில் அனுப்பாமல் இருந்தால் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். என்னை உண்மையில் உலுக்கியது மஞ்சள் உறைதான்.

2015-இல் படிப்பு முடிந்து வேலைக்காக ஸ்டுட்கார்ட்டுக்குக் குடிபெயர்ந்தேன். ஆகன் வீட்டில் வைத்திருந்த இணைய இணைப்பை ரத்து செய்யும்படி மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். அதோடு அந்த விஷயம் தீர்ந்தது என்று நம்பினேன். அந்த நிறுவனமோ ரத்துக் கோரிக்கையே வரவில்லை என்ற நிலையில் தொடர்ந்து கட்டணம் கேட்டு எழுதியிருக்கிறது. அந்தக் கடிதங்கள் அனைத்தும் பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. தபால் துறையில் கட்டணம் செலுத்திப் பதிந்தால், 6, 12 அல்லது 24 மாதங்களுக்குப் பழைய முகவரிக்கு வருவதைப் புது முகவரிக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. சில யூரோக்களுக்காக அதைச் செய்யாமல் விட்டேன்.

மறு ஆண்டு தை மாதம் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்கு வந்திருந்தேன். திரும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தபோது விளம்பரத் தாள்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் உறை இருந்தது. பயணக் களைப்பில் அதைக் கிழித்துப் பிரித்து, உள்ளே இருந்த தாளை மட்டும் எடுத்துக்கொண்டு, உறையைப் பழைய காகிதத் தொட்டியில் போட்டுவிட்டேன். உள்ளே இருந்தது நீதிமன்றத்திலிருந்து வந்த மான்பெஷைட். ஒருவர் இன்னொருவரிடம் பணம் பாக்கி என்று விண்ணப்பித்தால், அந்தக் கோரிக்கை நியாயமானதா என்று விசாரிக்காமலேயே நீதிமன்றம் அனுப்பும் பண உத்தரவு அது. அதோடு மறுப்புப் படிவமும் வந்திருக்கும். உறை வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் அதை நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் எதிர்த் தரப்பு அடுத்ததாக நிறைவேற்று உத்தரவு கேட்கலாம், அது கிடைத்துவிட்டால் சம்பளத்திலும் வங்கிக் கணக்கிலும் கை வைக்கலாம்.

மறுநாள் நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கு ஓடினேன். எதிரே அமர்ந்திருந்த அம்மையார் நான் நீட்டிய தாளை வாங்கவேயில்லை. "உறை எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார். எறிந்துவிட்டேன் என்றதும், வீட்டுக்குப் போய்த் தொட்டியில் தேடும்படி சொன்னார். அடுக்ககத்துக்குப் பொதுவான அந்த நீலத் தொட்டியில் தலையைக் குனிந்து, அட்டைப் பெட்டிகளையும் பத்திரிகைகளையும் விலக்கி விலக்கி, அடியில் கசங்கிக் கிடந்த அந்த உறையை எடுத்தேன். அதன் முன்பக்கத்தில் சிறிய கட்டத்துக்குள், நீல மையில், தபால்காரரின் கையெழுத்தில் ஒரு தேதி இருந்தது. நான் விமானம் ஏறிய மூன்றாம் நாள். மஞ்சள் உறையை நம் கையில் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆள் இல்லாவிட்டால் பெட்டியில் போட்டுத் தேதியைக் குறித்துவிட்டாலே, நாம் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும், அது நமக்குச் சேர்ந்ததாகச் சட்டம் கொள்கிறது. எனக்கு இரண்டு வாரம் தாண்டியிருந்தது. ஆயினும் நிறைவேற்று உத்தரவு பிறப்பிக்கப்படாதவரை மறுப்பை அனுப்பலாம் என்று அந்த அம்மையார் சொன்னார். அன்று மாலையே படிவத்தை நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உத்தரவு பிறப்பதற்கு முன் அது போய்ச் சேர்ந்தது. அந்த நிறுவனம் அதன் பிறகு வழக்கைத் தொடரவில்லை. கிட்டத்தட்ட 160 யூரோவுக்காக நான் உறங்காமல் கழித்த இரவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது, ஐயாவின், அதாவது அப்பச்சியைப் பெற்ற தாத்தாவின், கைப்பெட்டியை அப்பத்தா திறந்து காட்டினார்கள். சிறு வயதில் நூறு தடவை பார்த்த பெட்டிதான். ஐயா பதினைந்து வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் சிறுவனாக, பர்மாவின் ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர்கள். அவர்களுக்கு ஊரிலிருந்து வந்த கடிதங்களில் ஒரு கட்டு, வசம்புத் துண்டோடு சிவப்புத் துணியில் சுற்றி அந்தப் பெட்டியில் இருக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, அடுத்து சிவமயம், அதன்கீழ் பிரமாதி ஆண்டு ஆவணி மாதம் என்று தொடங்கும் ஒரு கடிதத்தை எடுத்துத் திருப்பினேன். 1939-இல் எழுதிய அந்தத் தாளின் பின்புறம், ஊதா நிறப் பென்சிலில், ஐயாவின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது. 'வந்தது ஆவணி 21. பதில் ஆவணி 23.' அடுத்த கடிதத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. கடையை நடத்தும் மேலாளிடம் முதலில் படிக்கிற பாடமே அதுதானாம், பணத்தைக் கையால் தொடுவதற்கு முன்பே கடிதத்தில் தேதி போடப் பழக்குவார்களாம். சிறு வயதில் அந்தப் பென்சில் வரிகளைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. மஞ்சள் உறைக்குப் பிறகு பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

அன்று முதல் எனக்கு வரும் ஒவ்வொரு கடிதத்திலும், பெட்டியருகே நின்றபடியே, வந்த தேதியை எழுதுகிறேன். அலுவலகக் கடிதமானால் உறையைத் தாளின் பின்னால் இணைத்து வைக்கிறேன். வரி அலுவலகம் அனுப்பும் மதிப்பீட்டை ஏற்காவிட்டால் மறுப்புத் தெரிவிக்க ஒரு மாதம் கிடைக்கும். உள்நாட்டில் சாதாரணத் தபாலில் அனுப்பிய அத்தகைய கடிதம், அனுப்பியதிலிருந்து நான்காம் நாள் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது 2025 முதல் உள்ள விதி. அதற்கு முன் அது மூன்றாம் நாளாக இருந்தது. கடிதம் உண்மையில் அதைவிடத் தாமதமாக வந்தால், உறையையும் நாம் குறித்த தேதியையும் வைத்துத்தான் பேச முடியும். பல நாள் ஊரில் இல்லாமல் போனால், தபாலைத் தபால் நிலையத்திலேயே நிறுத்தி வைக்கக் கட்டணம் கட்டிச் சொல்லிவிடலாம். இருந்தாலும் நம்பிக்கையான ஒருவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து, மஞ்சளாக எது வந்தாலும் படம் பிடித்து அனுப்பச் சொல்வதைத்தான் நான் பாதுகாப்பாகக் கருதுகிறேன்.

அடுக்கும் முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. காரைக்குடிக் கடைகளில் ரசீதுகளைக் குத்தி வைக்கும் கம்பியை ஊரிலிருந்து கொண்டுபோய்ச் சமையலறைக் கதவருகே மாட்டியிருக்கிறேன். பதில் எழுத வேண்டியவையும் பணம் கட்ட வேண்டியவையும் மட்டும் அதில் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை கம்பியைக் காலி செய்து, முடிந்தவற்றை ஓர்ட்னருக்கு மாற்றுவேன். ஓர்ட்னர் என்பது நெம்புகோல் வைத்த தடித்த கோப்பு. ஸ்டுட்கார்ட்டைச் சேர்ந்த லூயி லைட்ஸ் 1896-இல் அந்த நெம்புகோலை அமைத்தார் என்பதால், அந்த நகரத்தில் இருந்துகொண்டு அதை வாங்கும்போது எனக்கு ஒரு மரியாதை வரும். அங்கே தாள்களில் 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு துளைகள் இடுவார்கள். ஜெர்மன் அலுவலகத் தாள்களில் தாராளமாகத் துளையிடலாம். நம் மூலச் சான்றிதழ்களில் ஒருபோதும் துளையிடக் கூடாது. புதிய துளைக்கருவி வாங்கிய உற்சாகத்தில் என் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் நானே துளையிட்டுவிட்டேன். பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும் அந்தத் துளையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் நெஞ்சு சுருக்கென்கிறது. மூலங்களை ஒளி புகும் உறைகளில் இட்டு, தனி ஓர்ட்னரில், வீட்டைவிட்டு வெளியே போகாதபடி வைக்க வேண்டும். வெளியே எடுத்துச் செல்ல நகல் போதும்.

எவற்றை எவ்வளவு காலம் வைப்பது என்று பலரும் கேட்பார்கள். சமூகப் பாதுகாப்புப் பதிவு பற்றி ஆண்டுதோறும் வரும் அறிவிப்புகளை ஓய்வூதியக் காலம் வரை வைக்க வேண்டும், இடையில் ஊர் திரும்பினாலும் எறியக் கூடாது. வாடகை ஒப்பந்தம், குடிபுகுந்தபோதும் வெளியேறியபோதும் எழுதிய ஒப்படைப்புக் குறிப்பு, முன்பணம் கட்டிய சான்று ஆகியவற்றை வீட்டைக் காலி செய்த பிறகும் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருப்பேன். வழக்கமான பணக் கோரிக்கைகளுக்கு அங்கே மூன்றாண்டுக் கெடு உண்டு. அதுவும் கோரிக்கை எழுந்த ஆண்டின் முடிவிலிருந்தே கணக்கிடப்படும். ஓர் ஒப்பந்தத்தை ரத்து செய்தால், எதிர்த் தரப்பிடமிருந்து வரும் உறுதிக் கடிதம் கையில் கிடைக்கும்வரை அது முடிந்ததாக எண்ணுவதில்லை. பள்ளிப் படிப்புச் சான்றுகளுக்குக் காலக் கெடுவே இல்லை.

இனி, ஊரிலிருந்து புறப்படும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் அதிக காலம் பிடிப்பது. 2018-இல் எனக்குத் திருமணம் நடந்தது. வளவில் எல்லாரும் கூடியிருக்க, இரு வீட்டுப் பெரியவர்களும் இசைகுடிமானம் என்ற எங்கள் வழக்கத் திருமண ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எங்களுக்கு அதைவிட மேலான பத்திரம் இல்லை. ஆனால் ஜெர்மன் அலுவலகத்தில் அது செல்லாது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. சார் பதிவாளர் அலுவலகத்தில் பெறும் அந்தச் சான்றுதான் அங்கே கேட்கப்படும். குழந்தை பிறந்தபோது, அதன் பிறப்பைப் பதிவு செய்ய எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும், சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்போடு கேட்டார்கள். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதியும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால், என் வயதுக்காரர்கள் பலருக்கும் இந்தக் குறை உண்டு. ஆத்தாவின் பெயரும் ஆங்கில எழுத்துகளில் ஒன்றில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருந்தது.

ஒரு நாட்டின் சான்றுகளை ஒரே முத்திரையால் மற்ற நாடுகள் ஏற்க வழிசெய்யும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் சேர்ந்திருந்தாலும், ஜெர்மனி அந்தச் சேர்க்கைக்கு ஆட்சேபம் தெரிவித்ததால், அப்போஸ்டில் முத்திரை மட்டும் அங்கே போதாது. ஜெர்மன் தூதரகத்தின் வழியாகச் சான்றுகள் உண்மையானவைதானா என்று இங்கே விசாரித்துச் சரிபார்ப்பார்கள். அதற்குப் பல மாதங்கள் ஆகும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, ஸ்டுட்கார்ட்டிலிருந்து தொலைபேசியில் அண்ணனை நகராட்சிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைய விட்ட அந்த நாள்களை நினைத்தால் இன்றும் அவருக்கு நான் கடன்பட்டவளாக உணர்கிறேன். ஊரில் இருக்கும்போது ஒரு வாரத்தில் முடிகிற திருத்தம், கடல் கடந்து போனபின் ஓராண்டு இழுக்கும். எனவே பாஸ்போர்ட், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை ஒரே மேசையில் வரிசையாக வைத்து, சொந்தப் பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று புறப்படுகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேன் செய்து வைப்பது மிகவும் நல்லது. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் தானாகவே கால வரிசையில் அமையும். அவற்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைப்பது மட்டும் வேண்டாம், பாஸ்போர்ட் பிரதி எத்தனை கைகளுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கடவுச்சொல் இட்ட ஓரிடத்திலும், அச்சிட்ட ஒரு தொகுப்பாக ஊரில் ஒருவரிடமும் இருந்தால் போதும். ஐயா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தபோது, இடுப்பில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவை நான்கே தாள்கள். பேரேடுகளும் நிலப் பத்திரங்களும் அங்கேயே தங்கிவிட்டன. 1948-இல் அங்கே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தபோது, கையில் காட்ட ஒரு தாளும் இல்லாததால் எங்கள் வீட்டார் எதையும் கேட்க முடியாமல் போயிற்று. "ரெண்டு படி எழுதி ஒண்ண ஊருக்கு அனுப்பியிருக்கலாம்" என்று அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அண்ணன் மகளின் சான்றுகளை ஒப்பிட்டபோது, பிறப்புச் சான்றிதழில் அவள் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. அண்ணன் மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். திருத்திய சான்று அவள் புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு கைக்கு வந்தது. புரட்டாசி கடைசியில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. தபால் பெட்டியில் அண்ணனின் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து. இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம். வரி எண் வந்த கடிதம், அதன் ஓரத்தில் பென்சிலில் வந்த தேதி. "இதுல துளை போடலாமா அத்தை?" என்று கீழே கேட்டிருந்தாள். போடலாம், எண்ணின்மேல் படாமல் பார்த்துப் போடு என்று பதில் எழுதினேன்.